யாருக்குக் காட்டும் கணக்கு? வெளிநாட்டு உதவியும் வறுமை ஒழிப்புத் திட்டங்களும்

தாராவியில் நான் குடியிருக்கும் சந்திலிருந்து ஐந்து நிமிட நடையில் இரண்டு தளங்கள் கொண்ட பொதுக் கழிப்பறை ஒன்று இருக்கிறது. படிக்கட்டுக்கு அடியில் உள்ள சிறிய அறையில், நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த அம்மா ஒருவர் பராமரிப்பாளராக உட்கார்ந்திருப்பார். அவர் மேசையில் நீளவாக்கில் கோடு போட்ட நோட்டு ஒன்று கிடக்கும். இடப்பக்கத்தில் மாதப் பாஸ் எடுத்த குடும்பங்களின் பெயரும் கட்டிய தொகையும், வலப்பக்கத்தில் மின்கட்டணம், ஃபினாயில், அடைப்பு எடுத்த ஆளுக்குக் கூலி, உடைந்த குழாய்க்கு மாற்று என்று செலவும் எழுதப்பட்டிருக்கும். பாதி தமிழ், பாதி இந்தி, எண்கள் மட்டும் எல்லாருக்கும் பொது. தெருவில் யார் வேண்டுமானாலும் அதைப் புரட்டிப் பார்க்கலாம். பார்க்கவும் செய்கிறார்கள், ஃபினாயிலுக்கு இவ்வளவா என்று சண்டையும் போடுகிறார்கள். “வந்து பார்க்கிற ஆபீசருங்க ஃபைலைத்தான் கேப்பாங்க தம்பி, இந்த நோட்டை ஒருத்தரும் கேட்டதில்ல” என்று அவர் ஒரு முறை சொன்னார். அதில் குறையும் இருந்தது, கொஞ்சம் பெருமையும் இருந்தது.

மும்பையின் குடிசைப் பகுதிகளில் இத்தகைய கட்டடங்கள் நூற்றுக்கணக்கில் எழுந்ததற்குப் பின்னால் வெளிநாட்டுக் கடன் ஒன்று இருக்கிறது. கழிவுநீர் அகற்றும் திட்டத்துக்காக உலக வங்கி 1995-இல் இந்த நகரத்துக்குக் கடன் வழங்கியது. அதன் பெரும்பகுதி கடலுக்கடியில் கழிவுநீரைக் கொண்டுபோய் விடும் குழாய்களுக்கும் இறைப்பு நிலையங்களுக்கும் செலவாயிற்று. ஒரு சிறு பகுதி மட்டும் குடிசைப் பகுதிச் சுகாதாரத் திட்டம் என்ற பெயரில் பொதுக் கழிப்பறைகளுக்கு ஒதுக்கப்பட்டது. அதன்கீழ் 2005 வாக்கில் 300-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் உருவாயின. மாநகராட்சி கட்டித் தரும், பராமரிப்பு அங்கு வாழ்வோர் அமைக்கும் சங்கத்தின் பொறுப்பு என்பது ஏற்பாடு. சேர விரும்புவோர் பெரியவர் ஒருவருக்கு 100 ரூபாய் வீதம், குடும்பத்துக்கு அதிகபட்சம் 500 ரூபாய் முன்பணம் கட்ட வேண்டும் என்பது நிபந்தனை. இதில் எல்லா இடங்களிலும் வெற்றி கிடைத்துவிடவில்லை. சங்கம் பெயரளவுக்கு மட்டும் இருந்த இடங்களில் அந்தக் கட்டடங்கள் சில ஆண்டுகளுக்குள் பூட்டிக் கிடந்தன அல்லது யாரோ ஒருவரின் வசூல் கடையாக மாறின. நோட்டு யார் கண்ணிலும் படும்படி மேசைமேல் கிடந்த இடங்களில் நிலைமை வேறாக இருந்தது.

வெளிநாட்டு உதவி வறுமையைக் குறைக்கிறதா என்ற கேள்விக்கு அறுபது ஆண்டுகளாகப் பொருளாதார அறிஞர்கள் சண்டையிட்டு வருகிறார்கள். உதவி போதாததுதான் சிக்கல் என்று ஒரு தரப்பும், உதவியே சிக்கல் என்று இன்னொரு தரப்பும் அடுக்கடுக்காகப் புள்ளிவிவரங்களை வைக்கின்றன. பணத்தின் அளவைக் கொண்டு இந்தக் கேள்வியைத் தீர்க்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. பணம் எவ்வளவு வந்தது என்பதைவிட, வந்த பணத்துக்கு யார் யாரிடம் கணக்குக் காட்ட வேண்டியிருந்தது என்பதே பல நாடுகளின் கதையை விளக்குகிறது. அந்தக் கோணத்திலிருந்துதான் இந்தக் கட்டுரை நகர்கிறது.

முதலில் அளவைப் பார்த்துவிடலாம். பணக்கார நாடுகளின் அரசுகள் ஏழை நாடுகளுக்கு மானியமாகவோ சலுகை வட்டிக் கடனாகவோ தருவதே அதிகாரபூர்வ வளர்ச்சி உதவி என்று கணக்கிடப்படுகிறது. ராணுவத் தளவாடங்களும் வணிகக் கடன்களும் இதில் சேரா. தேசிய வருமானத்தில் 0.7 விழுக்காட்டை இதற்கு ஒதுக்க வேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபை 1970-இல் தீர்மானித்தது. நார்வே, ஸ்வீடன், டென்மார்க், லக்சம்பர்க் போன்ற விரல்விட்டு எண்ணக்கூடிய நாடுகளே அதைத் தொடர்ந்து எட்டியிருக்கின்றன. 2023-இல் கொடையாளி நாடுகள் அனைத்தும் சேர்ந்து தந்தது ஏறத்தாழ 22,300 கோடி டாலர். அதிலும் ஒரு பகுதி, தம் நாட்டுக்கு வந்து சேர்ந்த அகதிகளைப் பராமரிக்க அந்த நாடுகள் தம் மண்ணிலேயே செலவிட்டது. கணக்கு விதி அதையும் உதவி என்றே எழுதிக்கொள்ள இடம் தருகிறது. அதே ஆண்டில் வெளிநாடுகளில் உழைப்பவர்கள் வளரும் நாடுகளிலுள்ள தங்கள் வீடுகளுக்கு அனுப்பிய தொகை ஏறத்தாழ 65,600 கோடி டாலர். துபாயிலும் மஸ்கட்டிலும் வேலை செய்யும் மகன்களின் பணத்தில் ஓடும் குடும்பங்கள் தாராவியில் ஒவ்வொரு சந்திலும் உண்டு என்பதால் இந்த ஒப்பீடு இங்கே யாருக்கும் வியப்பளிக்காது.

அந்தக் குடும்பங்களை வைத்தே இன்னொன்றையும் விளக்கலாம். தங்கையின் கல்லூரிக் கட்டணத்துக்கென்று மகன் பணம் அனுப்புகிறான். கட்டணம் தவறாமல் கட்டப்படுகிறது, ரசீதும் வாட்ஸப்பில் போய்ச் சேர்கிறது. ஆனால் அந்தக் கட்டணத்துக்கென்று அப்பா ஏற்கெனவே சீட்டுக் கட்டிச் சேர்த்து வைத்திருந்த பணம் இப்போது கையில் மீந்துவிட, அது ஊர்க் கோயில் கொடைக்கோ மோட்டார் சைக்கிளுக்கோ போகிறது. மகனின் பணம் உண்மையில் எதை வாங்கியது? அரசுகளிடமும் இதே நடக்கிறது. ஒரு நாடு பள்ளிக்கென்று உதவி பெற்றால், பள்ளிக்குச் சொந்தமாக ஒதுக்க நினைத்த பணம் வேறு துறைக்கு, சில நேரங்களில் ராணுவத்துக்கே, நகர்ந்துவிடலாம். பணத்துக்கு நிறம் கிடையாது. தனித்தனித் திட்டங்களுக்குப் பணம் தந்து ரசீது வாங்கினால் போதாது, அந்நாட்டின் முழு வரவுசெலவையும் பார்க்க வேண்டும் என்ற முடிவுக்குக் கொடையாளிகள் 1990-களில் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்த முடிவுக்கு வருவதற்கு முன்பு வேறு முறைகள் இருந்தன. அவற்றில் ஒன்றை இந்தியா நேரடியாக அனுபவித்தது. அமெரிக்காவின் உணவு உதவிச் சட்டமான பி.எல்.480-இன்கீழ் 1956-இல் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி அமெரிக்காவின் உபரித் தானியம் இந்தியாவுக்கு வந்தது. விலையை ரூபாயிலேயே கட்டலாம், அந்த ரூபாய் இந்தியாவிலேயே அமெரிக்காவின் கணக்கில் சேரும். பம்பாய் ரேஷன் கடைகளில் அன்று கிடைத்த மைலோ என்ற சிவப்புச் சோளத்தைப் பற்றி இன்றும் பழைய ஆட்கள் முகம் சுளித்தபடி பேசுவார்கள். மூன்றாம் ஐந்தாண்டுத் திட்டச் செலவில் கால்பங்குக்கு மேல் வெளியுதவியாக இருந்தது. 1965, 1966 ஆகிய இரு ஆண்டுகளும் அடுத்தடுத்து மழை பொய்த்தபோது, வியட்நாம் போரைப் பற்றி இந்தியா கூறிய கருத்துகள் பிடிக்காத அதிபர் ஜான்சன், நீண்ட காலத்துக்குச் சேர்த்து அனுமதி தராமல், கொஞ்சம் கொஞ்சமாகக் கப்பலை விடுவித்தார். 1966 ஜூன் 6-ஆம் நாள் ரூபாயின் மதிப்பு டாலருக்கு 4.76-இலிருந்து 7.50-ஆகக் குறைக்கப்பட்டதற்குப் பின்னாலும் உதவி நாடுகளின் அழுத்தம் இருந்தது. வாக்களித்த அளவுக்கு உதவி வந்து சேரவில்லை என்பது வேறு கதை.

அந்த அவமானம்தான் உணவு அமைச்சராக இருந்த சி. சுப்பிரமணியத்தின் கைக்கு வலுவைத் தந்தது. மெக்சிகோவின் குட்டைரகக் கோதுமை விதைகள் 1966-இல் 18,000 டன் அளவுக்கு இறக்குமதியாயின. விலைக்கு உறுதி தரும் ஏற்பாடும் கொள்முதல் செய்யும் நிறுவனமும் அதற்கு முன்பே உருவாகியிருந்தன. வெளிநாட்டு விதை, வெளிநாட்டு அறக்கட்டளைகளின் ஆய்வு எல்லாம் இருந்தன என்றாலும், எதை எங்கே எப்படிச் செய்வது என்ற திட்டம் தில்லியில் எழுதப்பட்டது, நாடாளுமன்றத்தில் கடுமையாகத் திட்டு வாங்கியது, அதற்குப் பிறகே நடைமுறைக்கு வந்தது. தானியத்துக்குக் கட்டிய ரூபாயோ அமெரிக்காவால் செலவழித்துத் தீர்க்க முடியாத மலையாகக் குவிந்தது. 1974-இல் அமெரிக்கத் தூதர் மொய்னிஹான் 1,664 கோடி ரூபாய்க்கான ஒற்றைக் காசோலையை இந்திய அரசிடம் நீட்டி அந்தக் கணக்கின் பெரும்பகுதியை முடித்துவைத்தார்.

இந்தியாவுக்கு இருந்த அளவும் அரசு இயந்திரமும் எல்லா நாடுகளுக்கும் வாய்க்கவில்லை. 1980-களில் கடனில் மூழ்கிய ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்க நாடுகள் உலக வங்கியையும் சர்வதேச நாணய நிதியத்தையும் அணுகியபோது, மானியங்களை வெட்டு, அரசு ஊழியர் எண்ணிக்கையைக் குறை, இறக்குமதித் தடைகளை அகற்று என்ற கட்டமைப்புச் சீரமைப்பு நிபந்தனைகள் வந்தன. பல நாடுகளில் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் மக்கள் கட்டணம் கட்ட வேண்டிய நிலை ஏற்பட்டது, கடனும் தீரவில்லை. 1996-இல் கடன்சுமை மிகுந்த ஏழை நாடுகளுக்கான கடன் தள்ளுபடித் திட்டம் அறிவிக்கப்பட்டது. 1999-இல் அது விரிவாக்கப்பட்டபோது புதிய நிபந்தனை ஒன்று சேர்ந்தது. கடன் தள்ளுபடியும் சலுகைக் கடனும் வேண்டும் என்றால், அந்த நாடு தன் மக்களோடு கலந்து பேசி, வறுமைக் குறைப்பு வியூக ஆவணம் ஒன்றை எழுதிக் கொடுக்க வேண்டும்.

கேட்பதற்கு நியாயமான ஏற்பாடு. நிபந்தனையை வெளியிலிருந்து திணிக்காமல், உன் திட்டத்தை நீயே எழுது என்கிறார்கள். ஆனால் எழுதி முடித்த ஆவணத்தை வாஷிங்டனில் இருக்கும் இரு நிறுவனங்களின் ஊழியர்கள் மதிப்பிட்டு, அவற்றின் நிர்வாகக் குழுக்கள் ஏற்றுக்கொண்டால்தான் பணம் நகரும். ஆசிரியர் திருத்தப்போகும் விடைத்தாளில் மாணவன் சொந்தக் கருத்தை எவ்வளவு எழுதுவானோ அவ்வளவே இந்த ஆவணங்களிலும் எழுதப்பட்டது. எந்தச் சொற்கள் அங்கே பிடிக்கும் என்பதை நிதி அமைச்சக அதிகாரிகள் விரைவில் கற்றுக்கொண்டார்கள். வெவ்வேறு கண்டங்களின் ஆவணங்கள் ஒன்றுக்கொன்று அண்ணன் தம்பி போல இருந்தன. கலந்தாலோசனைக் கூட்டங்களில் பள்ளி, கிணறு, சாலை பற்றியெல்லாம் பேசலாம். பணவீக்க இலக்கு, பற்றாக்குறை வரம்பு, தனியார்மயம் ஆகியவை வேறு அறையில் வேறு ஆட்களால் ஏற்கெனவே முடிவாகியிருக்கும். வரவுசெலவுத் திட்டத்தை நிறைவேற்ற வேண்டிய நாடாளுமன்றம் பல நாடுகளில் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தது.

இந்த ஆவணங்களில் உகாண்டாவின் ஆவணத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் அது நிபந்தனைக்கு முன்பே பிறந்தது. உகாண்டாவின் நிதி அமைச்சகம் 1997-லேயே வறுமை ஒழிப்புச் செயல்திட்டம் ஒன்றைத் தானாக வகுத்திருந்தது. உலக வங்கி பின்னர் எல்லா நாடுகளிடமும் கேட்ட ஆவணத்துக்கு அதுவே முன்மாதிரிகளில் ஒன்றானது. அதே ஆண்டில் தொடக்கக் கல்விக் கட்டணம் ஒழிக்கப்பட்டது. கடன் தள்ளுபடியில் மிச்சமான பணம் வறுமைச் செயல்நிதி என்ற தனிக் கணக்கில் சேர்ந்து, பள்ளி, குடிநீர், கிராமச் சாலை ஆகியவற்றுக்குப் போனது. தேசிய அளவுகோலின்படி 1992-இல் 56 விழுக்காடாக இருந்த வறுமை 2005–06-இல் 31 விழுக்காடாகக் குறைந்தது. உள்நாட்டுப் போர் ஓய்ந்த பகுதிகளின் மீட்சிக்கும், காப்பி விலை ஏறிய ஆண்டுகளுக்கும் இதில் பங்குண்டு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அந்நாட்டின் கதையில் என்னைக் கவர்ந்த பகுதி வேறு. 1990-களின் நடுவில், மைய அரசு தொடக்கப் பள்ளிகளுக்கென்று மாணவர் எண்ணிக்கை அடிப்படையில் அனுப்பும் மானியம் பள்ளிக்குப் போய்ச் சேர்கிறதா என்று ஆய்வாளர்கள் தேடிப் பார்த்தார்கள். தலைநகரின் ஏட்டையும் பள்ளித் தலைமையாசிரியரின் ஏட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள், அவ்வளவுதான். 1991 முதல் 1995 வரை சராசரியாக 13 விழுக்காடே பள்ளியை அடைந்திருந்தது. மீதி மாவட்ட அலுவலகங்களில் நின்றுவிட்டது. பெரும்பாலான பள்ளிகள் ஒரு காசும் பெறவில்லை, தமக்கு அப்படி ஒரு தொகை வர வேண்டும் என்பதே பல பள்ளிகளுக்குத் தெரியவில்லை. பிறகு அரசு, எந்த மாவட்டத்துக்கு எந்த மாதம் எவ்வளவு அனுப்பப்பட்டது என்பதைச் செய்தித்தாள்களில் அச்சிடவும், பள்ளி வாசலில் ஒட்டவும் தொடங்கியது. சில ஆண்டுகளில் போய்ச் சேரும் பங்கு 80 விழுக்காட்டைத் தாண்டியது. செய்தித்தாள் மட்டுமே காரணம் என்று முதலில் எழுதப்பட்டதைப் பின்னர் வேறு ஆய்வாளர்கள் கேள்விக்குள்ளாக்கினார்கள். கண்காணிப்பும் சீர்திருத்தமும் ஒரே காலத்தில் நடந்தன என்பது அவர்கள் வாதம். அது சரியாகவே இருக்கலாம். ஆனால் அதுவரை மாவட்ட அலுவலகம் தலைநகருக்கு மட்டும் கணக்குச் சொன்னது, அதற்குப் பிறகு பள்ளி வாசலில் நின்று படிக்கும் தகப்பனுக்கும் சொல்ல வேண்டியதாயிற்று என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

அதே உகாண்டாவில், வடபகுதி மறுசீரமைப்புக்கென்று நேரடியாக அரசின் கருவூலத்துக்கு வந்த கொடைப் பணம் பிரதமர் அலுவலகத்திலேயே திருடப்பட்டது 2012-இல் வெளியாகி, பிரிட்டன், அயர்லாந்து, நார்வே, டென்மார்க் ஆகியவை உதவியை நிறுத்தின. நாட்டின் பெயர் ஒன்றே என்பதால் எல்லா ஏடுகளும் ஒன்றாகிவிடுவதில்லை.

தமிழ் வாசகருக்கு இன்னும் அருகில் இருக்கும் எடுத்துக்காட்டு இலங்கை. போர்நிறுத்தம் நிலவிய 2002-இன் இறுதியில் ரணில் விக்கிரமசிங்க அரசு, இலங்கையை மீட்டெடுத்தல் என்று பொருள்படும் தலைப்பில் தன் வறுமைக் குறைப்பு வியூகத்தை வெளியிட்டது. அதன் அடிப்படையில் 2003-இல் நாணய நிதியத்தின் கடன் ஒப்புதலானது. அதே ஆண்டு ஜூனில் டோக்கியோவில் கூடிய கொடையாளர் மாநாடு 450 கோடி டாலர் தருவதாக வாக்களித்தது. வெளியே இத்தனை வரவேற்பு. உள்ளேயோ, எங்களிடம் யார் கேட்டார்கள் என்று விவசாய அமைப்புகளும் தொழிற்சங்கங்களும் கொதித்தன. தண்ணீருக்கு விலை வைக்கப் போகிறார்கள் என்ற அச்சம் கிராமங்களில் பரவியது. 2004 ஏப்ரல் தேர்தலில் அந்த அரசு தோற்றது, ஆவணமும் அதோடு குப்பைக்குப் போனது. பதினெட்டு ஆண்டுகள் கழித்து 2022-இல் நாடு கடன் கட்ட முடியாமல் நின்று, மீண்டும் நாணய நிதியத்திடம் போய், அதன் மேற்பார்வையில் சமுர்த்தி என்ற பழைய நலத்திட்டத்துக்குப் பதிலாக அஸ்வெசும என்ற பணவுதவித் திட்டத்தை 2023-இல் தொடங்கியபோது, பட்டியலில் ஏன் எங்கள் பெயர் இல்லை என்று பிரதேச செயலகங்களின் முன் மக்கள் திரண்டார்கள். இம்முறை நாணய நிதியம், சமூகநலச் செலவு ஒரு வரம்புக்குக் கீழே போகக்கூடாது என்று தரைத்தளம் போட்டிருந்தது என்பதையும் நேர்மையாகப் பதிவு செய்ய வேண்டும். 1980-களின் நிபந்தனைகளிலிருந்து அது நெடுந்தூரம்.

நிபந்தனை என்றாலே ஏழைக்கு எதிரானது என்று இதிலிருந்து முடிவுகட்டிவிடக் கூடாது. மும்பையே அதற்குச் சான்று. நகரப் போக்குவரத்துத் திட்டத்துக்கு 2002-இல் உலக வங்கி 54.2 கோடி டாலர் கடன் தந்தபோது, ரயில் தண்டவாள ஓரங்களிலும் சாலை விரிவாக்கப் பாதையிலும் குடிசை போட்டிருந்த ஏறத்தாழ இருபதாயிரம் குடும்பங்கள் அப்புறப்படுத்தப்பட வேண்டியிருந்தது. அன்றைய மாநிலச் சட்டப்படி 1995 ஜனவரி 1-க்கு முன்பே குடியிருந்ததற்குச் சான்று உள்ளவர்களுக்கு மட்டுமே மாற்று வீடு. நிலப்பட்டா இல்லாதவர்களையும் மறுகுடியமர்த்த வேண்டும் என்பது வங்கியின் விதி. அந்த விதி இல்லாதிருந்தால், தண்டவாளத்திலிருந்து கை எட்டும் தூரத்தில் சமைத்துக்கொண்டிருந்த பல தமிழ்க் குடும்பங்களுக்கு 225 சதுர அடி வீடுகூடக் கிடைத்திருக்காது.

விதி மட்டும் போதவில்லை என்பதும் அங்கேயே தெரிந்தது. யார் எங்கே எத்தனை ஆண்டுகளாக இருக்கிறார்கள் என்ற பட்டியல் வேண்டும். தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பை 1970-களில் உருவாக்கிய ஜோக்கின் அற்புதம் இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறார். கோலார் தங்கவயலில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, இளைஞராக மும்பைக்கு வந்தவர். அவர் வாழ்ந்த ஜனதா காலனி 1976-இல் இடிக்கப்பட்டது. எங்களை நாங்களே எண்ணுவோம் என்பது அவர் தலைமையில் வளர்ந்த இயக்கத்தின் பழக்கம்: வீட்டுக்கு எண் எழுதி, குடும்பத்தைப் பதிந்து, வரைபடம் போட்டு, அதிகாரி வரும் முன்பே பட்டியலைக் கையில் வைத்திருப்பது. தண்டவாள ஓரக் குடும்பங்களின் இடமாற்றம் வன்முறை அதிகமின்றி நடந்ததில் அந்தப் பட்டியல்களுக்குப் பெரும்பங்கு உண்டு. சாலைப் பகுதியில் கதை வேறு. கடைக்காரர்களும் குடியிருப்போரும் 2004-இல் வங்கியின் ஆய்வுக் குழுவிடம் நேரடியாக முறையிட்டார்கள். கலந்தாலோசனையும் வருமான மீட்பும் குறைபட்டவை என்று அக்குழு கண்டறிந்தது. 2006 மார்ச்சில் வங்கி பணத்தை நிறுத்திவைத்து, சில மாதங்கள் கழித்து விடுவித்தது. குர்லாவில் கடை வைத்திருந்த ஒருவர் வாஷிங்டனில் முறையிட முடிந்தது என்பதைப் பாராட்டலாம். அதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டியிருந்தது என்பதுதான் சங்கடம்.

உதவி விலகிய பிறகும் நிலைத்து நின்ற திட்டங்களைத் தேடினால் தமிழ்நாட்டிலேயே இரண்டு கிடைக்கின்றன. காமராசர் காலத்தில் 1956-இல் தொடங்கிய மதிய உணவுக்கு 1960-களில் கேர் என்ற அமெரிக்கத் தொண்டு அமைப்பு வழியாக அமெரிக்க உணவுப்பொருள் வந்தது. பால்பவுடரையும் மஞ்சள் உப்புமாவையும் நினைவில் வைத்திருக்கும் தலைமுறை இன்னும் இருக்கிறது. ஊர்ப் பொதுமக்களின் பங்களிப்பில் தொடங்கியது, இடையில் வெளிநாட்டு மூட்டையும் வந்தது, 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரிவாக்கியபோது செலவை மாநிலக் கருவூலமே சுமந்தது. வேண்டாத செலவு என்று கணக்குப் பார்த்தவர்கள் அன்று நிறையவே இருந்தார்கள். வாக்காளருக்குச் சொன்ன வாக்கு என்பதால் அடுத்து வந்த எந்த ஆட்சியும் அதில் கைவைக்கத் துணியவில்லை.

மற்றது மகளிர் சுய உதவிக் குழு. இன்று தாராவியின் தமிழ்ப் பெண்கள்கூடக் ‘குழு’ என்று ஒற்றைச் சொல்லில் குறிப்பிடும் அந்த அமைப்பு, தமிழ்நாட்டு அரசுத் திட்டமாக முதலில் 1989-இல் தர்மபுரி மாவட்டத்தில், ரோமைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் கடனுதவியோடு வந்தது என்பது பலருக்கும் தெரியாது. 1990-களின் இறுதியில் மாநில அரசு தன் பணத்திலேயே அதை மகளிர் திட்டமாக எல்லா மாவட்டங்களுக்கும் கொண்டுபோனது. பன்னிரண்டு முதல் இருபது பெண்கள், வாரக் கூட்டம், தீர்மானப் புத்தகம், கடன் பேரேடு. குழுவில் சுழலும் முதல் பணம் அவர்கள் சேமித்ததே என்பதால், யார் வாங்கினார், யார் கட்டவில்லை என்பதை எந்த அதிகாரியும் வந்து கேட்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுக்காரி கேட்பாள். குழு முறையிலும் கசப்புகள் உண்டு. கடன் கட்ட முடியாத பெண்ணின் வாசலில் மற்ற பெண்கள் உட்கார்ந்துகொள்ளும் காட்சியை ஊரில் நானே கண்டிருக்கிறேன். ஆனாலும் நிதியத்தின் திட்டக்காலம் முடிந்து பல ஆண்டுகளாகியும் பேரேடு மூடப்படவில்லை.

இந்தியா வறுமைக் குறைப்பு வியூக ஆவணத்தை எழுதிக் கொடுக்கும் நிலைக்கு ஆளாகவில்லை. அதன் ஐந்தாண்டுத் திட்டங்களே போதுமானவையாக இருந்தன. 2003-இல் அன்றைய நிதி அமைச்சர் ஜஸ்வந்த் சிங், சிறிய அளவில் உதவும் நாடுகளிடமிருந்து இனி உதவி வேண்டாம் என்று அறிவித்து, சில பெரிய கொடையாளிகளை மட்டும் வைத்துக்கொண்டார். அடுத்த ஆண்டின் ஆழிப்பேரலையின்போது வெளிநாடுகளின் மீட்பு உதவியை அரசு ஏற்க மறுத்ததில் அந்த மனநிலை தெரிந்தது. வேலை உறுதித் திட்டம், பொது விநியோகம், மதிய உணவு ஆகிய பெரிய திட்டங்கள் யாவும் உள்நாட்டு வரிப் பணத்தில் ஓடுபவை. இந்த வசதி, தேசிய வருமானத்தில் 15 விழுக்காட்டைக்கூட வரியாகத் திரட்ட முடியாத பல ஆப்பிரிக்க நாடுகளுக்கு இல்லை. உதவியே வேண்டாம் என்று அவர்களுக்கு மும்பையில் உட்கார்ந்து அறிவுரை சொல்வது எளிது.

அவர்களுக்கு என்ன நேரும் என்பது 2025-இல் தெரியத் தொடங்கியது. ஜனவரி 20-ஆம் நாள் அதிபர் டிரம்ப் வெளிநாட்டு உதவியை 90 நாள்களுக்கு நிறுத்திவைத்தார். ஜூலை 1-ஆம் நாளோடு அமெரிக்காவின் உதவி நிறுவனமான யு.எஸ்.எய்ட் தனி அமைப்பாக இயங்குவது முடிவுக்கு வந்தது. பிரிட்டனும் தன் உதவியை 2027-க்குள் தேசிய வருமானத்தில் 0.3 விழுக்காடாகக் குறைக்கப் போவதாக அறிவித்தது. இதில் முதல் அடி எய்ட்ஸ் மருந்துக்கு விழுந்தது. 2001-இல் மும்பையின் சிப்லா நிறுவனம் ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு 350 டாலருக்குக் கூட்டு மருந்தைத் தருவதாக முன்வந்து சந்தையைப் புரட்டிப் போட்டது. 2003-இல் அமெரிக்கா தொடங்கிய பெப்ஃபார் என்ற எய்ட்ஸ் நிவாரணத் திட்டம், பின்னாளில் பெரும்பாலும் இந்திய மருந்துகளையே வாங்கி ஆப்பிரிக்காவுக்கு அனுப்பியது. அமெரிக்க அரசின் கணக்குப்படி அத்திட்டம் காத்த உயிர்கள் 2.5 கோடி. உதவியால் பயனில்லை என்று ஒரே வரியில் தீர்ப்பெழுதுபவர்கள் இந்த எண்ணுக்கு முதலில் பதில் சொல்ல வேண்டும். அதே வேளையில், இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் மருந்துச் செலவின் பெரும்பகுதி அந்த நாடுகளில் பலவற்றின் சொந்த வரவுசெலவில் ஏறாமலே இருந்ததால், வாஷிங்டனில் போட்ட ஒரு கையெழுத்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் இருந்த மருந்தகங்களை மூட வைத்தது. வாக்களித்தவர் ஓரிடத்தில், மாத்திரை விழுங்குபவர் வேறிடத்தில்.

இப்போது இந்தியாவும் கொடுக்கும் பக்கத்தில் நிற்கிறது. 1964-இல் பயிற்சி வாய்ப்புகளோடு தொடங்கிய உதவி, இன்று பெரும்பாலும் அரசின் ஏற்றுமதி-இறக்குமதி வங்கியான எக்சிம் வங்கி வழியாகச் செல்லும் சலுகைக் கடன்களாக வளர்ந்திருக்கிறது. 60-க்கும் மேற்பட்ட நாடுகளுக்கு வாக்களித்த தொகை 3,000 கோடி டாலரைத் தாண்டுகிறது. எத்தியோப்பியாவின் சர்க்கரை ஆலைகளுக்கு மட்டும் 64 கோடி டாலர். பொதுவாக இந்தக் கடனில் 75 விழுக்காட்டுப் பொருளும் சேவையும் இந்தியாவிலிருந்தே வாங்கப்பட வேண்டும் என்பது விதி. மேற்கு நாடுகள் இதையே செய்தபோது கட்டுப்பட்ட உதவி என்று நாம் கண்டித்திருக்கிறோம். இவ்வாறு கட்டுவதால் வாங்கும் நாட்டுக்குச் செலவு 15 முதல் 30 விழுக்காடு வரை கூடுகிறது என்பது கொடையாளி நாடுகளின் அமைப்பே போட்ட கணக்கு. திட்டம் முடிந்ததும் கடன் வாங்கிய அரசு நிறைவறிக்கை ஒன்றை எழுதிக் கடன் கொடுத்த பக்கத்துக்கு அனுப்ப வேண்டும். எக்சிம் வங்கியின் தலைமையகம் கஃப் பரேடில், உலக வணிக மையக் கட்டடத்தில் இருக்கிறது. தாராவியிலிருந்து பார்த்தால் நகரத்தின் அடுத்த முனை. கடலைப் பார்த்த அந்த மாடிக்குத்தான் இப்போது ஃபைல்கள் வருகின்றன.